அழாத பிள்ளைகளின் கணக்கு



பாபாசாகேப் நினைவு நாளையொட்டி நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த தோழர்கள், "வரலாறு பற்றி எதையாவது பேசுங்கள்" என்று சொன்னார்கள். எந்த வரலாறு என்று சொல்லவில்லை. பிரசவ அறையில் ஒரு பெண் படுத்திருக்கும் சில மணி நேரத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நடந்த தவறு ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் கூடவே வருகிறது. ஆனால் அந்த நேரத்தைப் பற்றி நம் வீடுகளில் ஒரு வரி எழுத்துகூட இருப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நமது ஆர்.கே.பேட்டை ஒன்றியத்தில் ஒரு காலனி. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் அங்கே இருக்கிறான். வயது ஒன்பது. பிளாஸ்டிக் நாற்காலியில் பழைய துண்டால் இடுப்பைக் கட்டி உட்காரவைத்திருப்பார்கள். கால் இரண்டும் கத்தரி போலப் பின்னிக்கொள்ளும். பேச்சு வராது, ஆனால் பேசுவதெல்லாம் புரியும். தெருவில் பஸ் சத்தம் கேட்டால் சிரிப்பான். மருத்துவர்கள் இதை மூளை முடக்குவாதம் என்கிறார்கள். அவன் அம்மா கரும்பு வெட்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். பிறந்த அன்று என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கொயந்த அயவே இல்லண்ணா. ரொம்ப நேரம் கழிச்சி முனகல் மாதிரி ஒண்ணு வந்துச்சி. எனுக்கு ஒண்ணுமே சொல்லல."

காகிதம் ஏதாவது இருக்கிறதா என்றேன். மஞ்சள் பையிலிருந்து தாய் சேய் நல அட்டையும் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டும் எடுத்துக் கொடுத்தார். சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: சுகப் பிரசவம், தாயும் சேயும் நலம். அந்த ஒன்பது வருடத்திற்கும் அவர் கையில் இருக்கும் எழுத்துச் சான்று இது ஒன்றே.

1. ஒரு நோயின் பெயர், ஒரு பழைய விவாதம்

கடினமான பிரசவத்துக்கும் பிள்ளையின் கை கால் முடங்குவதற்கும் தொடர்பு உண்டு என்று முதலில் விரிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். அவருக்கே சிறு வயது நோயால் ஒரு பாதம் வளைந்திருந்தது. 1861இல் லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை படித்தார். பிரசவம் இழுத்தடிப்பது, குறைமாதத்தில் பிறப்பது, பிறந்தவுடன் மூச்சு விடாமல் இருப்பது ஆகியவை பிள்ளையின் மூளையைக் கெடுக்கின்றன என்றார். வெகுகாலம் இந்த நிலைக்கு லிட்டில் நோய் என்றே பெயர்.

பின்னாளில் உளப்பகுப்பாய்வுக்குப் பேர்போன சிக்மண்ட் பிராய்டு அப்போது நரம்பு மருத்துவர். 1897இல் இதே நோய் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதி, லிட்டிலிடம் வேறுபட்டார். பிரசவம் கடினமானதே, பிள்ளைக்குக் கருவிலேயே ஏற்பட்டிருந்த கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்பது அவர் வாதம். 1980களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுகள் பிராய்டின் பக்கம் சாய்ந்தன. அந்த நாட்டில் பிரசவ நேர மூச்சுத்திணறலால் வரும் மூளை முடக்குவாதம் சிறு பங்குதான் என்று தெரிந்தது.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முடங்கிய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. கருவில் தொற்று, குறைமாதம், பிறவிக் கோளாறு, பிறந்த பின் மூளைக்கு ஏறும் மஞ்சள் காமாலை என்று காரணங்கள் பல. ஆனால் அமெரிக்கக் கணக்கை நம் பிரசவ வார்டுக்கு அப்படியே கொண்டுவரவும் முடியாது. அங்கே பிரசவ நேரத்தில் தவிர்க்கக் கூடியதைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்ட பிறகு எடுத்த கணக்கு அது. ஏழை நாடுகளில் பிரசவ நேரக் காயத்தின் பங்கு அதைவிடப் பெரியது.

மஞ்சள் காமாலையின் கதை இதற்கு நல்ல சான்று. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு ஊர் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் குழந்தைகளை வெயிலுக்குத் தூக்கிப்போவார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைவதை அவர்தான் கவனித்துச் சொன்னார். அதிலிருந்து ஒளிச் சிகிச்சை பிறந்தது. 1958இல் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு நர்ஸின் கண்ணும், அதை எழுதிவைத்த கையும் சேர்ந்து எத்தனையோ பிள்ளைகளின் மூளையைக் காப்பாற்றின.

2. தொட்டவர்கள், தொடாதவர்கள்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் கதை நம் பக்கத்தில் பலருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிகளுக்காக அவரிடம் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் சாதி இந்து. ஐடா அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. அவர் தந்தைதான் மருத்துவர். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப்போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவே ஐடாவை மருத்துவராக்கியது.

அதே காலத்துச் சென்னையில் 1844இலேயே அரசின் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தது. இன்றைய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை அதன் தொடர்ச்சி. ஆனால் ஆண் மருத்துவர் பார்ப்பதும், மற்றச் சாதிக்காரரோடு ஒரே வார்டில் படுப்பதும் ஆகாது என்று சாதி இந்துப் பெண்களும் கோஷாப் பெண்களும் பொது ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்கினார்கள். அவர்களுக்கென்றே மேரி ஷார்லிப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியால் 1885இல் ஒரு மருத்துவமனை வந்தது. அதன் பெயர் சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் எல்லாருக்கும் பிரசவம் பார்க்கிறது. சென்னை மக்கள் வாயில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். பெயரில் முதலில் இருந்த 'சாதி' மட்டும் நாக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது. வரலாறு எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லை மறக்கக் கூடாது.

சாதிப் பெண்ணின் கூச்சத்துக்கு மதிப்புக் கொடுத்து ஒரு மருத்துவமனையே கட்டினார்கள். நம் பெண்ணுக்கு என்ன நடந்தது? அதையும் ஒருவர் எழுதிவைத்ததால்தான் தெரிகிறது. காத்தியவார் பகுதியில் வேலை பார்த்த ஒரு தீண்டப்படாத ஆசிரியரின் கடிதம் 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா' இதழில் வந்தது. அண்ணல் அம்பேத்கர் அதைத் தன் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலில் எடுத்துச் சேர்த்தார். ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்ற சில நாளில் நோயில் விழுந்தார். மூச்சு வாங்கியது, விலாவில் வலி. டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர்களிடம் கெஞ்சி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு ஒருவர் ஜாமீன் நின்ற பிறகு வந்தார். வந்தும், சேரிக்கு வெளியேதான் பார்ப்பேன் என்றார். பச்சை உடம்புக்காரியைப் பிள்ளையோடு வெளியே தூக்கிவந்தார்கள். டாக்டர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவனிடம் கொடுத்தார். கணவன் மனைவிக்கு வைத்தார். வந்த வழியே அது திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

திண்டிவனத்தில் வீட்டார் மருத்துவரை மறுத்தார்கள். காத்தியவாரில் மருத்துவர் வீட்டாரை மறுத்தார். இரண்டிலும் பெண்தான் செத்தாள். ஆனால் முதலாவதற்கு மருத்துவமனைகள் பதிலாக வந்தன. இரண்டாவதற்கு ஒரு கடிதம் மட்டும் மிஞ்சியது.

இதே அம்பேத்கர் 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு ஓய்வு வேண்டும், அது தேசத்துக்கே நன்மை என்பது அவர் வாதம். பிரசவத்தை வீட்டு விஷயமாகப் பார்க்காமல் உரிமையாகப் பார்த்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

நம் பகுதிக்கு வருவோம். திருத்தணி வட்டாரம் ஒருகாலத்தில் வட ஆர்க்காடு, 1911 முதல் சித்தூர் மாவட்டம், பிறகு ஆந்திரம், 1960 ஏப்ரல் 1 முதல் மீண்டும் தமிழகம். எல்லை மாறிக்கொண்டே இருந்தது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் உள்ள எல்லை மாறவில்லை. ஊரில் மருத்துவச்சி இருந்தார். தெலுங்கு வீடுகளில் மந்திரசானி என்பார்கள். ஊர் வீடுகளுக்குப் பிரசவம் பார்த்தவர் சேரிக்குள் வருவது வழக்கமில்லை. நம் பாட்டிகளே நம் பிள்ளைகளைப் பிடித்தார்கள். அவர்களிடம் கைப்பக்குவம் இருந்தது. கருவியும் மருந்தும் ஆம்புலன்சும் இல்லை. எத்தனை பிள்ளைகள் அழாமல் போயின என்று எழுதிவைக்கவும் ஆளில்லை.

3. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு

இன்று நிலைமை வேறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகள் மாறிமாறி இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறார்கள். 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. முத்துலெட்சுமி ரெட்டி உதவித்திட்டத்தில் பணம் வருகிறது. இது போராடியும் வாக்களித்தும் நாம் பெற்றது. இதைக் குறைத்துப் பேசுகிறவன் நான் இல்லை.

தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று விசாரிக்கும் தணிக்கையிலும் தமிழ்நாடு இந்தியாவுக்கு வழிகாட்டி. 1990களிலேயே இங்கே தொடங்கிவிட்டது. வண்டி தாமதமா, ரத்தம் இல்லையா, டாக்டர் இல்லையா என்று கேட்டுக் கேட்டே தாய்மரணத்தைக் குறைத்தார்கள். சிசு இறந்தாலும் விசாரணை உண்டு. ஆனால் மூளை காயப்பட்டு உயிரோடு மிஞ்சிய பிள்ளைக்கு அப்படி ஒரு விசாரணை வழக்கத்தில் இல்லை. செத்தால் கணக்கில் வருகிறது; பிழைத்தால் 'தாயும் சேயும் நலம்'.

அந்தச் சில மணி நேரத்தில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு வலி வரும்போதும் கருப்பை இறுகுகிறது. நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வலி விட்டதும் ரத்தம் திரும்புகிறது; பிள்ளை அந்த இடைவெளியில் இழந்ததை மீட்டுக்கொள்கிறது. வலி கூட்டும் ஊசியான ஆக்ஸிடோசினை அளவு பாராமல் ஏற்றினால் அந்த இடைவெளியே இல்லாமல் போகும். அதனால்தான் பிள்ளையின் இதயத் துடிப்பை அரை மணிக்கு ஒரு தரமாவது கேட்க வேண்டும், தலை இறங்கித் தள்ளும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்க வேண்டும் என்கிறது மருத்துவம். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பது இயல்பு. பிறந்த பிள்ளை அழாவிட்டால் முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்றுக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். காது, கடிகாரம், பயிற்சி பெற்ற கை, பக்கத்தில் நிற்க ஓர் ஆள் போதும்.

இதை எழுதிவைக்க ஒரு தாள் உண்டு. பார்ட்டோகிராப் என்பார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கப் போயிருக்கும் அதன் வடிவம் 1972இல் இன்றைய ஜிம்பாப்வேயில் உருவானது. அங்கே கறுப்பினப் பெண்களுக்குச் சிறு கிளினிக்குகளில் மருத்துவச்சிகளே பிரசவம் பார்த்தார்கள். பெரிய மருத்துவமனை தூரத்தில். எப்போது வண்டியேற்றி அனுப்ப வேண்டும் என்பதை அந்த மருத்துவச்சி தாளைப் பார்த்தே சொல்லும்படி பிலிப்பாட், கேசில் என்ற இரு மருத்துவர்கள் இரண்டு கோடு போட்டார்கள். முதல் கோடு எச்சரிக்கை. நான்கு மணி நேரம் தள்ளி இரண்டாவது கோடு, இனி பொறுக்கக் கூடாது என்பது. டாக்டர் இல்லாத இடத்துக்கென்றே பிறந்த தாள் அது. ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்கும் அங்கிருந்து திருவள்ளூருக்கும் அனுப்பப்படும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான தாள் கிடையாது. ஆனால் நம் நாட்டுப் பிரசவ வார்டுகள் பலவற்றில் பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்பும் தாளாக அது ஆகிவிட்டது.

நர்ஸை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஓர் இரவில் பல பிரசவம் பார்க்கும் நர்ஸ் பெரும்பாலும் நம்மைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவர். ஆனால் வலியில் கத்தும் பெண்ணை வசைபாடுவதும், வயிற்றை அழுத்தித் தள்ளுவதும், "எப்படி இருக்கு பிள்ளை" என்று கேட்டால் பதில் சொல்லாமல் போவதும் ஆள் பற்றாக்குறையால் மட்டும் வருவதில்லை. எதிரில் இருப்பவள் திருப்பிக் கேட்க மாட்டாள் என்ற நிச்சயத்திலிருந்து வருவது. வெப்பமானி இன்று நேராகக் கைக்கு வருகிறது. பதில் இன்னும் வரவில்லை.

4. நீதிமன்ற வாசல்

2015ஆம் ஆண்டு இரண்டு தீர்ப்புகள் வந்தன. மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஸ்காட்லாந்துத் தாய் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர் சர்க்கரை நோயாளி, குள்ளமான உடம்பு. சர்க்கரை நோயுள்ள தாய்க்குப் பிள்ளையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து நூற்றுக்கு ஒன்பது, பத்து உண்டு. மருத்துவர் அதைச் சொல்லவில்லை. 1999இல் நடந்த பிரசவத்தில் தலை வெளிவந்த பிறகு உடல் வர 12 நிமிடம் ஆனது. பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். ஆபத்தைத் தாயிடம் சொல்லியிருக்க வேண்டும், முடிவு அவருடையது என்றது நீதிமன்றம். 52 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு இழப்பீடு. அந்தத் தாய் அறிவியல் படித்தவர். அவருக்கே சொல்லவில்லை.

ஜூலை 1 அன்று நமது உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைக்குக் கண் திரை பரிசோதனை கட்டாயம். அதைச் செய்யவும் இல்லை, தேவை என்று பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வை முழுவதையும் இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. இழந்தது கண், மூளை இல்லை. ஆனால் வழக்கின் உயிர் ஒன்றே: பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நீதி வர 19 ஆண்டு.

அந்தக் குடும்பம் போராடியது பெரிய காரியம். நமக்கு அதே வாசல் திறக்குமா என்று பாருங்கள். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எல்லாருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் இடத்துக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறவள் பணம் கொடுக்கவில்லை, ஆகவே அவள் நுகர்வோர் இல்லை. உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963இல் பிரசவத்துக்குப் பின் கருத்தடை அறுவை செய்தபோது வயிற்றில் துணியை விட்டுத் தைத்ததில் ஒரு தாய் இறந்தார். அரசுதான் பொறுப்பு என்று 1996இல் தீர்ப்பு வந்தது. 33 ஆண்டு.

எந்த வாசலானாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: காகிதம் எங்கே?

5. மூன்று ஆண்டுக் காகிதம்

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, உள்நோயாளியின் பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை என்று பாட்டி கவலைப்படுவது ஆறாம் மாதத்தில். "சில பிள்ளைங்க லேட்டாதான் நடக்கும்" என்று ஒன்றரை வருடம் போகும். கோயில், மந்திரம், எண்ணெய் என்று இன்னொரு வருடம். மூளை முடக்குவாதம் என்ற சொல்லை அவள் முதன்முதலில் கேட்கும்போது மூன்று ஆண்டு முடியும் தறுவாயில் இருக்கும். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டமோ மைனருக்கு வயது வந்த பிறகும் வழக்குப் போட இடம் கொடுக்கிறது. பிள்ளையின் உரிமை பதினெட்டு வயதைத் தாண்டி நிற்கிறது. அதை நிரூபிக்கும் காகிதம் மூன்று வயதில் பழைய பேப்பராகிவிடுகிறது.

அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர் என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆங்கில அதிகாரி ஒருவரிடம் பணிபுரிந்த தன் பாட்டனார் கந்தப்பன், குறள் ஓலைச்சுவடியை எல்லீஸ் துரையிடம் சேர்த்ததைப் பண்டிதர்தான் எழுதிவைத்தார். எழுத்தைக் காப்பாற்றிக் கொடுத்த மரபு நம்முடையது. அந்த மரபில் வந்த பெண் தன் பிள்ளை பிறந்த இரவின் எழுத்தைக் கேட்டால் "உனக்கெதுக்கு" என்கிறார்கள்.

ஜப்பானில் 2009 ஜனவரி முதல் ஒரு திட்டம் இருக்கிறது. பிரசவத்தோடு தொடர்புள்ள கடுமையான மூளை முடக்குவாதம் என்றால், டாக்டர் தவறா இல்லையா என்று சண்டை போடாமலே குடும்பத்துக்கு மொத்தம் 3 கோடி யென் தவணைகளில் தருகிறார்கள். பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று வல்லுநர்கள் ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறார்கள். அதை ஆஸ்பத்திரிக்கும் பெற்றோருக்கும் கொடுக்கிறார்கள். எல்லா அறிக்கையையும் சேர்த்துப் படித்து அடுத்த பிள்ளையைக் காக்கிறார்கள். தாய்மரணத்துக்கு நாம் செய்ததை அவர்கள் உயிரோடு இருக்கும் பிள்ளைக்குச் செய்கிறார்கள். நம்மால் முடியாத காரியம் இல்லை.

ஆகவே நான் வைக்கும் கோரிக்கைகள் சில. பிரசவத் தாளின் நகலும், பிள்ளை எப்போது அழுதது, மூச்சுக் கொடுத்தார்களா என்ற குறிப்பும் டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒவ்வொரு தாய்க்கும் தரப்பட வேண்டும். பிறந்தபோது மூச்சுத்திணறிய பிள்ளையின் பதிவேட்டை அது வயதுக்கு வரும்வரை அழிக்கக் கூடாது. அந்தப் பிள்ளையைப் பற்றித் தணிக்கை வேண்டும். அதில் தாயின் வாக்குமூலம் இடம்பெற வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மூளை முடக்குவாதத்துக்கு இடம் இருக்கிறது. அதற்கான பயிற்சி மையம் ஒன்றிய அளவில் வேண்டும். சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யாசாகர் போன்ற அமைப்புகள் வழிகாட்டின. பஸ் ஏறிச் சென்னைக்கு வாராவாரம் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதுதான் இங்குள்ள தாயின் கணக்கு.

நமக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. நம் எழுத்தில் சேரி வந்திருக்கிறது, பட்டினி வந்திருக்கிறது, கொலை வந்திருக்கிறது. பிரசவ வார்டு அதிகம் வரவில்லை. இன்று முதல் நம் தெருவில் பிரசவத்துக்குப் போகும் பெண்ணோடு கூடப்போகும் அம்மாவோ அக்காவோ ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துப் போகட்டும். எத்தனை மணிக்கு உள்ளே போனாள், எப்போது ஊசி, எப்போது பிள்ளை, அழுததா. நான்கு வரி போதும்.

அந்தப் பையனின் அம்மாவுக்கு அந்தச் சீட்டை நான் படித்துக் காட்டினேன். 'நலம்' என்ற இடம் வந்ததும் அவர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு சீட்டை மடித்து மறுபடியும் மஞ்சள் பையில் வைத்தார். பொய்யாக இருந்தாலும், அவன் பிறந்ததைப் பற்றி அரசாங்கம் எழுதிய எழுத்து அது ஒன்றுதானே.

உண்மையான எழுத்து அவனுக்கு வர வேண்டும்.